சலித்த கை

“திருடாத சிமெண்டைத் திருடினேன்னு என் வீட்டுக்காரர் எதுக்குங்க ஒத்துக்கணும்?” என்று கேட்டுக்கொண்டே துப்பறிவாளரின் அலுவலகத்துக்குள் வந்தாள் கொத்தனாரின் மனைவி. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. புதுவீட்டு சன்ஷேடு இடிந்து விழுந்து ஒரு பெயிண்டர் செத்துப்போயிருந்தார். கலவையில் சிமெண்டைக் குறைத்து மிச்சத்தை விற்றேன் என்று கொத்தனாரே போலீசில் சொல்லிவிட்டார்.

“கான்கிரீட் போட்ட அன்னைக்கு அவர் காய்ச்சல்ல படுத்துட்டார். நான்தான் மணல்ல இருந்த கட்டியை உடைச்சு, சலிச்சு, கலந்து கொடுத்தேன். பாருங்க!” நீட்டிய உள்ளங்கையில் கொப்புளம் உடைந்த இடம் சிமெண்ட் பட்டு இன்னும் ஆறாமல் தோல் உரிந்திருந்தது. “இடிஞ்ச துண்டை எடுத்துப் பார்த்தார். அப்புறம் என்கிட்ட பேசவே இல்ல.”

துப்பறிவாளர் கான்கிரீட் சோதனைக்கூடத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர். ‘சல்லடை’ என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். அன்றே அவரும் அவருடைய உதவியாளனும் அவளும் கட்டடத்துக்குப் போனார்கள்.

காலி சிமெண்ட் பைகளை எண்ணிய உதவியாளன் துள்ளிக் குதித்தான். “கணக்கு சரியா இருக்கு சார்! சிமெண்ட் திருடவே இல்ல. அப்ப கம்பியில கைவச்சிருக்காங்க!”

“கொஞ்சம் பொறுப்பா.” சல்லடை, சுவரில் சாய்த்திருந்த சலிப்பு வலையைத் தட்டி, உதிர்ந்ததை ஒரு பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார். மணல் சட்டென்று அடியில் இறங்கியது. நேரம் போகப் போக அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு படிந்தது.

அங்கே வந்த கான்ட்ராக்டர், “ஆத்து மணல்தான் இறக்கினேன்” என்றார்.

“ஆத்து மணல்ல கையால உடைக்கிற கட்டி ஏது? தண்ணித்தொட்டிக்குத் தோண்டின மண்ணு எங்கே? அதைத்தானே மணலுக்குப் பதிலா கொடுத்தீங்க?” என்றார் சல்லடை.

கான்ட்ராக்டர் சலிப்பு வலையைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்.

“சில மண்ணு கழுவிச் சோதிச்சா தேறும். இதுல பாதி களிமண். சிமெண்டைப் பிடிக்கவிடாது.”

“சலிச்சா மண்ணும் மணல்தான்னு இவர்தாங்க சொன்னார்!” அவள் கான்ட்ராக்டரைக் கைகாட்டினாள்.

“நான் எப்ப சொன்னேன்? சாட்சி இருக்கா?”

அவர் அதைச் சொன்னபோது அங்கே இருந்தது அவளும் அவரும் மட்டும்தான். துப்புத் துலங்கியும் உதவியாளன் இந்தத் தடவை துள்ளவில்லை.

“அப்ப என் வீட்டுக்காரர் ஏன்…”

“துண்டைப் பார்த்ததும் மண்ணுன்னு கண்டுபிடிச்சுட்டார். யார் சலிச்சதுன்னும் அவருக்குத் தெரியும். மண்ணுன்னு சொன்னா பழி உன் தலையில விழும்மா. சிமெண்ட் திருட்டுன்னா அவரோட போயிடும்.”

அவள் தன் கையையே வெறித்துப் பார்த்தாள். ஓர் உயிரை வாங்கிய கை. புருஷனை உள்ளே தள்ளியதும் அதே கை.

“ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. சலிச்சது நான்தான்னு சொல்ல இந்தக் கைதான் சாட்சி. புண்ணு ஆறுறதுக்குள்ள போகணும்.”