மெய்விளக்கு

ஞாயிறு காலை கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். சங்கரலிங்கம் மேசைக்கு நேரே நாற்காலியில். மனைவி காந்திமதி சோபாவின் ஓரத்தில். அவள் தம்பி சுடலைமணி, கம்பிகளைப் பரப்பிக்கொண்டு தரையில். மேசைமேல் ஒலிமாற்றி. அதன் நெற்றியில் மெய்விளக்கு.

பொய் சொல்லும் குரலில் ஒரு நுண்ணிய நடுக்கம் உண்டென்று கண்டுபிடித்த நாளிலிருந்து, எண்களாக வரும் குரலை ஒலியாக்கும் எல்லா வீட்டுப் பெட்டியிலும் அந்த விளக்கு ஏறிவிட்டது. மெய்யென்றால் பச்சை, பொய்யென்றால் சிவப்பு. கல்யாணப் பேச்சைக்கூட இப்போது அதன் ஒலிவாங்கிக்கு முன்னால்தான் பேசுகிறார்கள்.

நிலவுச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மகள் உலகம்மையின் நேற்றைய அழைப்பைப் பதிந்து வைத்திருந்தார்கள். "நல்லாருக்கேம்ப்பா. இங்க ஒரு கொறையும் இல்ல."

சிவப்பு.

"கம்பி செய்யுத வேல அத்தான்," என்றான் சுடலைமணி. "இப்பம் மாட்டியிருக்க ஒளியிழையில கடிகாரத் துடிப்பும் சேந்து வருது. அது முன்னபின்ன ஆனா குரல் நடுங்கும். வெளக்கு அதையும் பொய்யின்னு எடுத்துக்கிடும்." தன் குரலைப் பதிந்து ஓட்டிக் காட்டினான்: "எம்பேரு சுடலைமணி." அதற்கும் சிவப்பு.

"ஏல, ஒம்பேரே பொய்யாம்லா," என்று சிரித்தாள் காந்திமதி. நேற்றைய அழைப்புக்குப் பிறகு முதல் சிரிப்பு.

செப்புக் கம்பியை மாட்டினான். இரண்டு குரலுக்கும் சிவப்பு சற்று வெளிறியது. கடைசியாக யுஎஸ்பி கம்பி. அதில் ஒலிமாற்றியின் கடிகாரம்தான் முதலாளி; தரவைத் தன் தாளத்துக்குக் கேட்டு வாங்கும். வழியின் நடுக்கம் உள்ளே வராது.

"எம்பேரு சுடலைமணி." பச்சை.

காந்திமதி சோபாவின் நுனிக்கு வந்தாள்.

"நல்லாருக்கேம்ப்பா." சிவப்பு. முன்னைவிடத் துலக்கமாக.

இனிக் குறை சொல்ல ஒரு கம்பியும் மிச்சமில்லை. நிலவிலிருந்து ஆட்களைத் திருப்பிக் கொண்டுவரும் கலம் வரப் பதினான்கு மாதம் இருந்தது.

"நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரியக் கூடாது," என்றாள் காந்திமதி. "அதுக்கும் சேத்து அழுவா."

"அடுத்த மாசம் கூப்பிட்டா என்னத்தச் சொல்ல? அவ அறையிலயும் வெளக்கு இருக்கே," என்றான் சுடலைமணி.

சங்கரலிங்கம் தாள் எடுத்தார். ஊர், தேதி, பிறகு: 'அன்புள்ள உலகு, கம்பி மாற்றினோம். உன் குரலுக்குப் பச்சை எரிந்தது. எங்களுக்குக் கவலை இல்லை. ஒலிமாற்றி இப்போது பழுது. இனிக் கடிதமே எழுது.'

"வாசிங்க," என்றாள் காந்திமதி.

அவர் எழுந்துபோய் ஒலிமாற்றியை அணைத்துவிட்டு வந்து வாசித்தார். பிறகு உறையை ஒட்டி, சரக்குக் கலத் தபாலில் சேர்க்கச் சொல்லி மச்சினன் கையில் கொடுத்தார்.