மதகு மூடும் நான்கு நிமிடங்கள்

காலைக் காட்சிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. படத்தொகுப்பாளர் ரெஜினா முந்நூறு இருக்கைகளிலும் நாடிப்பட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையாளர் பட்டையை மணிக்கட்டில் கட்டி, கண்ணாடியை அணிந்துகொள்வார். அவருடைய துடிப்பு எப்படி வேண்டுகிறதோ, அப்படியே படம் வளையும். ஒருவர் கண்ணாடியில் கதாநாயகன் சாகக் கிடப்பான். பக்கத்து இருக்கையில் அவனுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். விரும்பாத காட்சியை யாருக்கும் காட்டக் கூடாது என்பது பன்னிரண்டு ஆண்டுகளாகச் சட்டம்.

இன்றைய படம் ‘கழிமுகம்’, பழைய வீடியோ கேமிலிருந்து எடுத்தது. அதன் உச்சத்தில், வெள்ளம் ஊருக்குள் புகுமுன் கதாநாயகி மதகை மூட வேண்டும். மறுபக்கம் அவள் தோழி நாச்சி மதகுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். மூடும் பொத்தானை கேம் ஆடுபவர்தான் அழுத்த வேண்டும். கல்லூரி நாட்களில் அதை அழுத்திவிட்டு ரெஜினா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதற்கு முன் இரண்டு முறை படமாக்கினார்கள். இரண்டும் படுத்துவிட்டன.

“அவற்றில் வெள்ளம் போதவில்லை. இந்த முறை மூன்று மடங்கு வைத்திருக்கிறோம்,” என்றார் அரங்குக்குள் வந்த தயாரிப்பாளர் மாசிலாமணி.

“வெள்ளத்தில் என்ன சார் இருக்கிறது? கேமில் நம் விரல் அழுத்தியது, அதனால் வலித்தது. இங்கே நெஞ்சு பதறியதுமே கண்ணாடி நாச்சியைக் காப்பாற்றிவிடுகிறது. அப்புறம் என்ன மிச்சம்?”

“என்ன செய்யச் சொல்கிறாய்?”

“பட்டைகளைத் துண்டிப்போம். எல்லாருக்கும் ஒரே படம். மூடுகிறவளின் முகத்தைப் பார்த்தே தீரட்டும்.”

“உரிமம் போய்விடும். வேலையைப் பாரம்மா.”

அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். தானே வெட்டித் தொகுத்து வைத்திருந்த பிரதியை ஏற்றி, நாடித்தொடர்பை அணைத்து, கதவைத் தாழிட்டாள்.

உச்சக்காட்சியில் வெள்ளமே தெரியவில்லை. நான்கு நிமிடம் ஒரு முகமும் தட்டும் ஓசையும் மட்டும். “காப்பாத்துங்கடா அவளை!” என்று ஒருவர் எழுந்து கத்தினார். சிலர் வேலை செய்யாத பட்டையைத் திருகினார்கள். தட்டும் ஓசை நின்றபோது கத்தியவர் மெல்ல இருக்கையில் உட்கார்ந்தார்.

படம் முடிந்து அவள் கதவைத் திறந்ததும், உரிமத்துறை ஆய்வாளர் வந்து ஒரு தாளை நீட்டினார். “தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தப்பித்துவிடலாம்.”

“கோளாறெல்லாம் இல்லை. தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதுங்கள்.”

“இனி எந்தப் படத்தையும் தொட முடியாது, தெரியுமா?”

“தெரியும்,” என்றாள். கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. படிக்கட்டில் ஒரே இரைச்சல். “மூடினது கொலைதான்!” என்றாள் ஒரு பெண். “ஊரே செத்திருக்குமே, அதைச் சொல்லுங்க!” என்று பாய்ந்தார் ஒரு முதியவர். பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டு பேர் ஒரே படத்தைப் பார்த்திருப்பது இதுவே முதல் முறை.

“நீங்க சொல்லுங்க, மூடினது சரியா?” என்று அந்தப் பெண், வெளியே வந்த ரெஜினாவின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

ரெஜினா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குள் இறங்கினாள்.