சின்ன வீட்டுக்கு வழி

'வீடு' என்று தட்டியதும், எந்த வீடு என்று கேட்டது ஃபோன்.

அவள் காரை ஓரங்கட்டினாள். பின் சீட்டில் ஐஸ் பெட்டிக்குள், அன்றைக்கு எடுத்த ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுத்து அடங்கின. திரையில் இரண்டு வரிகள். ஒன்று, 'வீடு'. அதற்குக் கீழே, அவள் ஒருநாளும் சேமித்து வைக்காத 'சின்ன வீடு'.

இந்த வழிகாட்டி ஆப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அவள் கணவன். பரிசோதனை நிலையத்துக்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. பாதி ஊர்களில் சிக்னல் கிடைக்காது. அவன் நில அளவையர், வரைபடம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நாலைந்து ஆப்களை இறக்கிப் பார்த்து, ஒன்றில் மண்பாதைகளே இல்லை, இன்னொன்று ஃபோனையே விழுங்கிவிடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினான். அவள் கேட்டது ஒன்றுதான்: தான் எங்கே இருக்கிறோம் என்று அக்காவும் பார்க்கிற மாதிரி இருக்கட்டும். அதற்கு நெட் வேண்டும் என்று அப்படிப்பட்ட ஆப்பையும் ஒதுக்கிவிட்டு, நம் குரலையே பதிவு செய்துகொள்ளும்படியான ஒன்றை எடுத்தான்.

"சிக்னலே இல்லாத இடத்துக்கும் உன்னைக் கொண்டுபோய்ச் சேத்துரும், கொசு."

ரத்தம் எடுக்கிறவள் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனுக்குக் கொசு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இடது பக்கம் திரும்பு, நேராப் போ என்று ஒரு மாலை முழுக்க அவன் சுவரோடு பேசிக்கொண்டிருந்ததை அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. எந்தப் பெண்டாட்டிக்கும் அகராதி பார்க்கத் தேவையில்லாத இரண்டு வார்த்தைகள். அவன் தன் ஃபோனிலிருந்து வரைபடங்களை இதற்கு மாற்றும்போது கூடவே வந்திருக்கும், அழிக்க மறந்திருப்பான். வெளியூரில் வேலை, வர நேரமாகும் என்று அவன் காலையில் சொல்லிவிட்டுப் போனது, சில நாட்களாக அவன் செருப்பில் ஒட்டிவந்த ஈரச் செம்மண், கட்டிலிலிருந்து காணாமல் போன அவளுடைய தலையணை. அந்தத் தலையணை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது என்று தெரிந்தவன், துவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றான். என் தலையணையையா எடுத்துக்கொண்டுபோய் எவளோ ஒருத்திக்குக் கொடுத்தான்? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அவள் 'சின்ன வீடு' என்பதைத் தட்டினாள்.

"இடது பக்கம் திரும்பு."

அவன் குரல்தான், குளியலறையின் எதிரொலியோடு. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் குழாய் சொட்டுகிற சத்தம் இருந்தது. தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கியது. இருபுறமும் ஒரே உயரத்தில் வளர்ந்த மரங்கள், அவற்றுக்கு நடுவே சீக்கிரமே இருட்டத் தொடங்கிய மாலை, காருக்குள் ஸ்பிரிட் வாசனையை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டு ஏறிய இலை மக்கிய வாசனை. அந்தப் பெண்ணின் வாசலில் எப்படிப்பட்ட செருப்பு கிடக்கும், திரைச்சீலை என்ன நிறம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே ஓட்டினாள். அழுகையும் வந்தது, துடைத்துக்கொண்டாள். வழியில் ஒரு வீடுகூட இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"நேராப் போ."

எதிரொலி இல்லை. குழாய்ச் சத்தமும் இல்லை. அவன் குரலுக்குப் பின்னால் காற்றில் இலைகள் சரசரத்தன. அவள் கண்ணாடியை இறக்கினாள். வெளியேயும் அதே சரசரப்பு.

ஃபோனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. காரைத் திருப்பப் பாதையில் அகலம் இல்லை.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்."

குரல் மூச்சு வாங்கியது. பின்னால் வேறொரு சத்தம். சதக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி, சதக். மண்வெட்டி.

இப்படி ஒரு வாக்கியம் எந்த ஆப்பில் இருக்கும்?

"சின்ன வீடு வந்தாச்சு. இறங்கு."

மரங்கள் விலகி ஒரு வெட்டவெளி. வீடு இல்லை. கார் வெளிச்சத்தில், அவன் வேலைக்குக் கொண்டுபோகும் சிவப்பு முனை முளைக்குச்சிகள் நாலு மூலையிலும் நடப்பட்டிருந்தன. சுற்றி வெள்ளை நூல். அஸ்திவாரம். அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு வீடே கட்டிக் கொடுக்கப் போகிறான். எட்டு வருஷமாக வாடகை வீட்டில் என்னை வைத்துவிட்டு. துரோகி. கோபம் பயத்தை ஒரு கணம் தள்ளிவிட்டது. ஃபோனை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கிட்டே போனாள்.

அஸ்திவாரத்துக்கு அது மிகவும் சிறியது. அறைக்கும் போதாது. ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவுதான். நூல் பிசகாமல் வெட்டிய குழி. ஓரத்தில் ஈரச் செம்மண் குவியல்.

குழிக்குள், தலைமாட்டில், அவளுடைய தலையணை.

துவைத்து, புது உறை போட்டு, தட்டிச் சரிசெய்து வைத்திருந்தது.

அவன் எதையும் அழிக்க மறக்கவில்லை. அந்த இரண்டு சொற்களைப் பார்த்தால் அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், தனியாகக் கிளம்பி வருவாள் என்று தெரிந்தே வைத்திருக்கிறான். அவளை அவ்வளவு நன்றாகத் தெரியும் அவனுக்கு.

"இறங்கு."

கையிலிருந்த ஃபோன்தான் பேசியது. காரிலிருந்து இறங்கச் சொல்லவில்லை அது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. ஃபோன் செத்தது.

இலைகள். அவள் மூச்சு. வேறொன்றுமில்லை.

பிறகு, பின்னால் கார் விளக்கு அணைந்தது.

"இறங்கு, கொசு."