லாக் நட் சாவி

ஸ்டான்லி ரெட்டியார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணன் அருளப்பன் வீட்டுக்கு வந்தபோது, சாயங்கால வெயில் முற்றத்தில் சரிந்து கிடந்தது. வேப்பமரத்தடியில் அருளப்பனின் வெள்ளைக் கார் நின்றது. அருளப்பன் போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டான். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குக் கார் எதற்கு என்று ஸ்டான்லியே முடிவுகட்டி, ஒட்டன்சத்திரத்து நல்லுசாமியிடம் விலை பேசியிருந்தான். மதினி மலர்விழியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நல்லுசாமி வந்து காத்திருந்தார். ஆனால் காரின் முன்சக்கரத்தில் காற்றே இல்லை. ஸ்டெப்னியை மாற்ற, பஞ்சர் கடை கருப்புசாமியைக் கூட்டி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் கையாலேயே கழுவித் துடைத்துவந்த அலாய் வீலை யாரும் திருடிவிடக் கூடாதென்று அருளப்பன் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு லாக் நட் போட்டிருந்தான். சாதாரண ஸ்பேனர் அதில் பிடிக்காது. நட்டைச் சுற்றியிருக்கும் பல்லுக்குச் சரியாகப் பொருந்துகிற குமிழ் போன்ற சாவி வேண்டும். அதைத்தான் காணோம்.

கருப்புசாமி ஒரு சோப்புக்கட்டியை நட்டின் மேல் அழுத்தி அச்செடுத்தார். பையிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாக அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் ஏறக்குறைய ஒத்து வந்தது.

"அதையே வச்சு அடிங்கண்ணே" என்றான் ஸ்டான்லி.

"ஒரு நூல் பெருசு, தம்பி. ஏறுற மாதிரிதான் இருக்கும். திருப்புனா பல்லு பூராம் வழிச்சிட்டுப் போயிரும். அப்புறம் எந்தச் சாவியும் பிடிக்காது. இதுக்குன்னு உள்ளதத் தேடுங்க."

ஸ்டான்லிக்கு முகம் சிவந்தது. நேரே வாசலுக்குப் போனான். மலர்விழி நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீக மதினி? விக்க மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான? திருட்டுத்தனம் எதுக்கு?"

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மலர்விழி உள்ளே போய், பீரோவில் இருந்ததை எல்லாம் அள்ளி வந்து தரையில் கொட்டினாள். கடைசியில் அவளுடைய கைப்பையையும் கவிழ்த்தாள்.

"சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல" என்றாள். "அது எப்பவும் அவரு சட்டைப் பையிலதான் இருக்கும். அவரச் சவப்பொட்டியில வைக்கும்போது... அந்தச் சட்டையிலயே போட்டு விட்டேன்."

"பொய்! செத்தவன் மேல பழியப் போடாதீக!"

வேப்பமரத்தில் காற்று நின்றது.

எங்கிருந்தோ மண் வாசனை வந்தது. மழை மண் அல்ல. ஆழத்தில் தோண்டி எடுத்த மண். அதோடு அழுகிய ரோஜா வாசனை.

ஸ்டான்லியின் சட்டைப் பை கனத்தது.

துணிக்கு மேலாக, யாரோ உள்ளங்கையை நெஞ்சில் வைத்தது போல் ஒரு குளிர்ச்சி.

அவன் பதறிக் குனிந்தான். பையிலிருந்து ஏதோ நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

சாவி.

ஈரச் செம்மண் அப்பியிருந்தது. மண்ணில் கறுத்துப்போன ஒரு ரோஜா இதழ்.

நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஏனுங்க தம்பி, சாவியப் பையில வச்சுக்கிட்டேவா அந்தப் புள்ளய இந்தப் பேச்சுப் பேசுனீங்க? எனக்கு உங்க காரும் வேண்டாமுங்க."

அவர் போய்விட்டார். நான் வைக்கவில்லை என்று சொல்ல ஸ்டான்லி வாயெடுத்தான். ஜன்னல்களில் இருந்த முகங்களைப் பார்த்தான். கருப்புசாமி அவன் பக்கம் திரும்பாமலே சாவியைத் துடைத்து நட்டில் வைத்தார். இம்மி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

மலர்விழி அந்த இதழை மட்டும் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினான். மண்மேட்டில் புல் முளைத்திருந்தது. வாடிய மாலைகள் வைத்தது வைத்தபடி கிடந்தன. ஒரு பிடி மண் கூடக் கலைந்திருக்கவில்லை. அவன் அங்கேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு ரெட்டியார்சத்திரத்துப் பக்கமே அவன் தலை காட்டவில்லை. ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், மன்னிப்புக் கேட்டே தீருவது என்று வந்தான். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. மலர்விழி தூக்கம் கலையாத கண்களோடு வந்து திறந்தாள்.

"வாங்க தம்பி. இப்பத்தான் எந்திரிக்கேன்."

"மதினி, அன்னைக்கு நான்..."

அவன் பார்வை மரத்தடிக்குப் போனது.

மரத்தடியில் கார் விரல்கனப் புழுதி மூடி நின்றது. சக்கரங்கள் நான்கும் மட்டும் கழுவித் துடைத்துப் பளபளத்தன.

அவற்றிலிருந்து வடிந்த தண்ணீர், முற்றத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.