கூரை உதறும் சத்தம்

ஏப்ரல் கடைசி வாரத்திலும் சைமாவின் வீடு பாதிக்குமேல் பனிக்குள்தான் இருந்தது. அந்த வருஷம் பனி மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்திருந்தது. தபால் பெட்டி, வேலி, சௌனா என்னும் நீராவிக் குளியல் குடிசை எல்லாம் எங்கே இருந்தன என்று நினைவை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இப்போது எல்லாப் பக்கமும் சொட்டுச் சத்தம். வெயில் அடித்தால் சொட்டும், அடிக்காவிட்டாலும் சொட்டும்.

ஒல்லி தன் பனி தள்ளும் வண்டியில் அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். பெயர்தான் ஒல்லி. அவர் ஏறினால் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். சுப்பீரியர் ஏரியின் இந்தக் கரையில் அவர் வழி திறந்துவிடாத வீடே கிடையாது.

"எடுக்க வேண்டியதை எடுத்து வை. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றார்.

"எடுக்க என்ன இருக்கு? நாலு துணி, ஒரு காபிக் கெட்டில்."

"அவன் சாமான்?"

"அது அவன் பாடு. வேணும்னா டுலூத்லேருந்து வந்து எடுத்துக்கட்டும். இல்லாட்டி அவளை அனுப்பட்டும்."

ஒல்லி மீசையைத் தடவிக்கொண்டார். இந்தப் பேச்சை அவர் பலமுறை கேட்டாயிற்று.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சௌனா மூட்டும் வேளையில் சைமாவுக்கும் அவள் கணவன் ரெய்னோவுக்கும் சண்டை வந்தது. விறகு ஈரமாக இருக்கிறது என்று தொடங்கியது, அவன் அம்மா வரைக்கும் போயிற்று. ரெய்னோ லாரியை எடுத்துக்கொண்டு டவுனிலுள்ள மதுக்கடைக்குப் போனான். அன்றிரவு பெரும்புயல். மறுநாள் லாரி மட்டும் பஸ் நிற்கும் இடத்தருகே பனியில் புதைந்து கிடந்தது. அதே வாரம் மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் டுலூத்துக்குப் பஸ் ஏறியிருந்தாள். ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. சைமாவும் அதை நம்பினாள். குளிர்காலம் முழுக்க அவனைக் கரித்துக்கொட்டியபடியே தனியாக அந்த வீட்டில் கிடந்தாள். கடைசியில் ஈஸ்டருக்கு முன்னால், தாங்க முடியாமல், டவுனில் இருந்த ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது வீட்டைப் பூட்டிச் சாவியை ஒல்லியிடம் கொடுத்துவிட வந்திருந்தாள்.

"இது யாருடா, கூரை ஏறப் பாத்திருக்கான்?" என்றார் ஒல்லி.

வீட்டின் வடக்குப் பக்கம் வெயில் படாது. அங்கே பனி இன்னும் மாடி ஜன்னல் வரை சரிந்து நின்றது. அந்தச் சரிவில் காலடிகள் ஏறிப் போயின. பள்ளமாக அல்ல, மேடாக. மிதிபட்ட பனி இறுகிப்போகும். சுற்றியுள்ளது கரைந்த பிறகும் அது மட்டும் கரையாமல் நிற்கும். குளிர்காலத்தில் குழியாக விழுந்த காலடி வசந்தத்தில், கவிழ்த்து வைத்த கிண்ணங்கள் போல எழுந்து நிற்பதை இந்தப் பக்கத்துக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள்.

ஒல்லி அருகே போய்க் குனிந்தார்.

இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு அடிக்குப் பின்னும் ஓர் இழுத்த கோடு. மரம் வெட்டும் முகாமில் கட்டை உருண்டு விழுந்து முறிந்த கால் அது. ஊரில் அப்படி ஒரு கால்தான் உண்டு.

"வந்திருக்கான்," என்றாள் சைமா. கோபம்தான் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே அவளுக்குப் பிடிக்காத ஒரு சந்தோஷமும் வந்தது.

"இது ஈஸ்டர் பனிக்கு மேல இருக்கு. நீ டவுனுக்குப் போனதுக்கப்புறம் வந்தது."

"ஆளில்லாத நேரம் பாத்து வந்திருக்கான், திருட்டுப் பய. ஒல்லி, நீங்க போங்க. நான் நாலு நாள் இருந்து பாக்கறேன்."

"சைமா, வேண்டாம்மா."

"மறுபடி வருவான். அவன் மூஞ்சிக்கு நேரா ரெண்டு கேள்வி கேக்கணும். என்னை விட்டுட்டுப் போனியா இல்லையா? அது தெரியாம நான் எங்கே போய் என்ன பண்ண?"

மாடியறை ஜன்னல் ஒரு கை அளவுக்குத் திறந்திருந்தது. அதன் கீழே பலகைத் தரை ஊறிப் பொங்கியிருந்தது. சாரல் அடித்திருக்கும் என்று நினைத்து அவள் ஜன்னலை இறக்கினாள். அறைக்குள் நனைந்த கம்பளியின் நாற்றம். கட்டிலில் ரெய்னோ படுக்கும் பக்கத்துத் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று ஈரமாக இருந்தது. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே அவ்வளவு தூரம் சாரல் எப்படி வரும் என்று யோசித்தாள். யோசித்துவிட்டு, கீழே சமையலறையில் அடுப்போரம் படுக்கையைப் போட்டுக்கொண்டாள்.

மழை பிடித்தது. பனிக்கு மழையைவிடப் பெரிய எதிரி இல்லை. ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து வீட்டைச் சூழ்ந்து நின்றது. ஒவ்வொரு காலையும் சைமா வடக்குப் பக்கம் போய்ப் பார்த்தாள். மேல் அடுக்கு கரைந்து போனதும் அடியில் இன்னோர் அடுக்கு வெளிவந்தது. அதிலும் காலடிகள். மார்ச் மாதத்துப் பனி.

அதே கால்.

அது போனதும் அடுத்தது. பிப்ரவரிப் பனி. அதிலும் அதே கால். ஒரு வரிசை அல்ல. வந்து வந்து தேய்ந்த பாதை. சுவரருகே வந்து, மாடி ஜன்னலுக்கு நேர் கீழே இரண்டு பாதங்களும் சேர்ந்து நிற்கும். நெடுநேரம் நின்றது போல அங்கே பனி கண்ணாடியாக இறுகியிருக்கும். பிறகு திரும்பிப் போகும்.

மார்ச்சிலும் பிப்ரவரியிலும் அவள் இந்த வீட்டில்தான் இருந்தாள். அந்த ஜன்னலுக்கு உள்பக்கம்தான் தூங்கினாள்.

ஒல்லி பாலும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்தபோது முகம் சரியில்லை. காபியை இரண்டு வாய் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணு டுலூத்லேருந்து வந்திருக்கா. அக்கா குழந்தை ஞானஸ்நானத்துக்கு. கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"சிரிக்கிறா. 'ரெய்னோவா? அன்னிக்கு ராத்திரி பூரா பொண்டாட்டி பொண்டாட்டின்னு புலம்பி என் காதை அறுத்தான். லாரி மாட்டிக்கிச்சு, நடந்தாவது வீட்டுக்குப் போறேன்னு கிளம்பினான். அவனைப் போய் நான் கூட்டிட்டுப் போவேனா'ங்கறா. ஊருல இப்படி ஒரு பேச்சு இருக்கறதே அவளுக்குத் தெரியாது."

சைமாவின் கையிலிருந்த ரொட்டி மேசையில் விழுந்தது.

அவள் எழுந்து வெளியே போனாள். ஒல்லி பின்னாலேயே வந்தார். இத்தனை நாளும் காலடிகள் எங்கே போய் முடிகின்றன என்று மட்டும்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்து தொடங்குகின்றன என்று இப்போதுதான் பார்த்தாள்.

சாலையிலிருந்து ஒரு காலடியும் இல்லை. காட்டிலிருந்தும் இல்லை. எல்லாமே வீட்டின் மூலையில், கூரை விளிம்புக்குக் கீழே குவிந்து கிடந்த பனி மேட்டிலிருந்து புறப்பட்டன. மிஞ்சி நின்ற அடுக்குகளில் எல்லாமே அந்த மேட்டுக்கே திரும்பின.

"நீ உள்ளே போம்மா," என்றார் ஒல்லி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

அவள் போகவில்லை. வண்டியிலிருந்து அவர் மண்வாரியை எடுத்து வந்தார். அவள் இன்னொன்றை எடுத்தாள். மேட்டின் அடிப்பக்கம் ஜனவரிப் பனி, பழைய பனி, உப்புக்கல் போல நொறுங்கியது. அந்த அடுக்கில் மட்டும் காலடிகள் சாலைப் பக்கமிருந்து வந்தன. வாசற்கதவு வரை போயின. புயல் அன்று வாசலைப் பனியால் அடைத்துவிட்டிருந்தது. அங்கிருந்து சுவரைப் பிடித்தபடி வடக்குப் பக்கம் வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்றன. பிறகு கூரை விளிம்புக்கு அடியில் சில அடிகள். அதற்குமேல் இல்லை.

ரெய்னோ முழங்காலிட்டபடி இருந்தான். வலது கை முஷ்டி மடங்கியே இருந்தது. விரல் முட்டிகளில் தோல் கிழிந்திருந்தது. அவன் சுவரை இடித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சைமாவுக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது.

புயல் வீசும் இரவுகளில் சுவர் தொம் தொம்மென்று அதிர்வது இங்கே யாரையும் எழுப்பாது. கூரை பனியை உதறுகிறது என்று அர்த்தம். நல்லதுதான், பாரம் தாங்காமல் கூரை உட்கார்ந்துவிட்டால்தான் ஆபத்து. அதனால் சத்தம் கேட்டதும் படுத்தபடியே மாட்டை விரட்டுவது போல "போ! போ!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். கூரைக்குக் காது கேட்கும் என்று யாரும் நம்பவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

அன்றிரவு தொம் தொம்மென்று கேட்டது. சைமா வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். சண்டையின் ஆத்திரமெல்லாம் அதில் வந்துவிட்டது. "போ! போய்த் தொலை! இந்தப் பக்கமே வராதே!"

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கூரை முழுவதும் ஒரே இரைச்சலாகச் சரிந்து இறங்கியது. அப்பாடா என்று அவள் திரும்பிப் படுத்தாள். அந்த வாரத்திலேயே அன்றுதான் நன்றாகத் தூங்கினாள்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும்கூடச் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் கூரையிலிருந்து ஒன்றும் இறங்கியிருக்காது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் அதே வார்த்தையைத்தான் சொன்னாள்.

ஷெரிப் வந்தார், ஆட்கள் வந்தார்கள், பாதிரியாரும் வந்தார். நிலம் இளகும்வரை குழி தோண்ட முடியாது. அதுவரை உடலைச் சர்ச்சின் சவ அறையில் வைத்திருப்பார்கள். அப்போதுதான் அவளால் அழ முடிந்தது. "வீட்டுக்குத்தான் வந்திருக்கான்," என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "என்கிட்டத்தான் வந்திருக்கான்."

எல்லோரும் போன பிறகு ஒல்லி மட்டும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்திருந்தது. வெளியே கூரை காய்ந்து பளிச்சென்று இருந்தது. அதில் ஒரு பிடிப் பனிகூட மிச்சமில்லை.

"பையை எடு, போகலாம். இனிமே இங்க என்ன இருக்கு?"

"ஒல்லி," என்றாள் அவள் மெதுவாக, "அவன் ஒவ்வொரு தடவையும் வந்தான், திரும்பிப் போனான். அடிகள் இருந்துச்சு, ரெண்டு பக்கமும். நீங்களும் பாத்தீங்க."

"அதைப் பேசாதே."

"ஈஸ்டருக்கப்புறம் வந்ததுல மட்டும் திரும்பிப் போன அடி இல்லை. அன்னிக்குப் போன்னு சொல்ல வீட்டுல ஆளில்லை."

கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன ஒல்லியின் கை அப்படியே நின்றது.

மேலே தொம் என்று ஒரு சத்தம்.

பிறந்ததிலிருந்து பழகிய வாய். அதற்கு யோசனை எதுவும் தேவைப்படவில்லை. ஒல்லி கூரையை நிமிர்ந்து பார்த்து, "போ! போ!" என்றார்.

சைமா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். சூடான காபி இரண்டு பேர் மேலும் கொட்டியது. யாருக்கும் சுட்டதாகத் தெரியவில்லை.

சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

ஒரு காலடி. அழுத்தமாக. அதன் பின்னால் பலகையில் எதையோ இழுக்கும் ஓசை.

இன்னொரு காலடி.

இழுப்பு.

மாடிப்படியின் மேல் பலகை முனகியது. அங்கிருந்து குளிர் இறங்கி வந்தது, கதவைத் திறந்துவிட்டது போல. நனைந்த கம்பளியின் நாற்றமும் வந்தது. படிகளில் யாரும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஓர் ஈரக் காலடி கறுத்துக்கொண்டே வந்தது.

போகச் சொன்னதால் இறங்கிக்கொண்டிருந்தது.

"உன்னைச் சொல்லலை," என்றாள் சைமா. "அன்னிக்கும் உன்னைச் சொல்லலை ரெய்னோ. பனியைத்தான் சொன்னேன். சத்தியமா பனியைத்தான். நீன்னு தெரிஞ்சிருந்தா சுவரை இடிச்சுக்கிட்டு வந்திருப்பேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "போகாதே. இரு."

காலடி நின்றது.

"யார்கிட்டம்மா பேசறே?" என்று கிசுகிசுத்தார் ஒல்லி. "அவனை நான்தான் தூக்கி வண்டில வச்சேன். என் கையாலதான் தூக்கினேன்."

அவர் பின்னோக்கியே நடந்து, வாசலைக் கடந்து, தொப்பியை விட்டுவிட்டு வெளியே போனார். வண்டி உறுமியது. ஆனால் அவளை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் ஹாரனை அடித்தார். விட்டு விட்டு அடித்தார்.

சைமா படிகளைப் பார்த்தபடி நின்றாள். கீழிருந்து மூன்றாவது படியில் இரண்டு ஈரப் பாதங்கள் சேர்ந்து நின்றன, இடது வெளிப்பக்கமாகத் திரும்பி. ஒல்லி சொன்னது உண்மை, கொண்டுபோனது ரெய்னோவைத்தான். அப்படியானால் இருக்கச் சொன்னது யாரை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவனை இன்னொரு தடவை வெளியே அனுப்ப அவளால் முடியாது.

ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது. அவள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

முதுகுக்குப் பின்னால், இன்னும் ஒரு படி கீழே, ஒரு காலடி விழுந்தது.