எழில்மதி சொல்லாத பேர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அரங்கநாதன் விசில் அடித்தால் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் பிரேக் போடும். சும்மா சொல்லவில்லை, அப்படிப்பட்ட கண்டக்டர். ரிட்டயர் ஆகி இரண்டு வருடம். அன்று மத்தியானம் வெள்ளிமலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மட்டும் அவர் வாயில் காற்றே இல்லை.

மனைவி எழில்மதி மலையில் நர்ஸாக இருந்தவள். அவளுடைய குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வந்திருந்தார். ஐப்பசி மழையில் ஒரு பிரசவத்துக்குப் புறப்பட்டவளை ஓடை அடித்துக்கொண்டு போய் நாற்பது நாள் ஆகிறது.

புது நர்ஸ் தமிழ்மொழி சாவியைக் கொடுத்தாள். "சார், அம்மாவோட கண்ணாடி உள்ளதான் இருக்குது. நனைஞ்சிடும்னு அன்னிக்குக் கழட்டி வெச்சிட்டுப் போனாங்க. நாலு மணிக்கு அதுல இருக்கிறத எல்லாம் அழிச்சிட்டு நான் போட்டுக்கணுமாம். ஆர்டருங்க."

"நாலு வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்மா."

மலை நர்ஸுகளுக்கு அரசாங்கம் சோதனை முயற்சியாகக் கொடுத்த கம்ப்யூட்டர் மூக்குக்கண்ணாடி அது. ஒரு முகத்தைப் பார்த்து இன்னார் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அடுத்த தடவை அந்த ஆள் எதிரே வந்தால் தலைக்கு மேல் பேர் பச்சை எழுத்தில் மிதக்கும். கல்வராயன் மலையில் ஆடு மாடு நீங்கலாக அத்தனை பேருக்கும் எழில்மதி பேர் சொல்லி வைத்திருந்தாள்.

புருஷன் பேரை மட்டும் சொன்னதில்லை.

சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். நர்ஸுக்குப் படித்தவள் பேச்சைப் பாருங்கள்! முப்பத்திரண்டு வருடமாக "ஒரே ஒரு வாட்டி சொல்லேண்டி" என்று அவர் கெஞ்சுவார். "உங்க நூறாவது வயசுல சொல்றேன், போங்க" என்று அவள் சிரிப்பாள்.

உள்ளே ஈரச் சுவர் வாசம், டெட்டால் வாசம். பனி ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது. வெளியே பலா இலைகளிலிருந்து சொட்டு, சொட்டு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரசம் போன நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். தலைக்கு மேல் எழுத்து மிதந்தது.

'எங்க வூட்டுக்காரரு.'

ஒரு சிரிப்பு சிரித்தார். அது பாதியிலேயே கேவலாகிவிட்டது.

அப்புறம்தான் பார்த்தார். தோளுக்குப் பின்னால், வெறும் காற்றில், இன்னொரு எழுத்து.

'நான்.'

கண்ணாடி வந்த அன்றைக்கு இதே இடத்தில் நின்று, தன் முகத்துக்கு அவள் சொல்லி வைத்தது அது. போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

திரும்பினார். யாரும் இல்லை.

மறுபடி நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். எழுத்து கிட்டே வந்திருந்தது.

பிடரியில் ஓடைப் பாசியின் வாசம் சில்லென்று பட்டது. பல் தந்தியடித்தது, மலைக்குக் கீழே கேட்டிருக்கும். ஆனாலும் அவர் நகரவில்லை.

"எழிலு," என்றார் மெல்ல. "வூட்டுல ஒண்டியா இருக்க முடியலடி. இப்பவாச்சும் பேரச் சொல்லு. ஆயுசு கம்மியானா ஆவட்டும். நானும் வந்துடறேன்."

அவர் தலைக்கு மேலிருந்த எழுத்து அணைந்தது.

'அ.'

'அர.'

'அரங்க.'

மூச்சு நின்றது. நெஞ்சில் யாரோ ஓடைக் கல்லைத் தூக்கி வைத்தது போலிருந்தது. கண் கொட்டாமல் காத்திருந்தார்.

எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன.

'எங்க வூட்டுக்காரரு.'

மூச்சு திரும்பியது. "பாவி," என்று அழுதார். "செத்தும் இன்னா பிடிவாதம்டி உனக்கு."

நாலு மணிக்கு, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் எதிரிலேயே தமிழ்மொழி எல்லாவற்றையும் அழித்தாள். மாட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"சார்... காலின்னுதான் காட்டுது. ஆனா உங்க தலைமேல 'எங்க வூட்டுக்காரரு'ன்னு வருதுங்க. அப்புறம் உங்க பக்கத்துல, யாருமே இல்லாத எடத்துல..."

முப்பது வருடம் 'உள்ள போ, உள்ள போ' என்று பஸ்ஸே கிழியக் கத்திய அரங்கநாதன், சத்தம் போடாமல் உள்ளே நகர்ந்து, பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்.