நெருங்கி நில்லுங்க

எத்தனை முறை கத்தினாலும் நடுவில் இடம் விட்டே நின்றார்கள்.

பொருட்காட்சியில் குடை ராட்டினத்துக்கு எதிரே, ஜெனரேட்டர் புகையும் காய்ந்த எண்ணெய் வாடையும் மூக்கை அடைக்க, மதியத்திலிருந்து குடும்பப் படம் எடுத்துக்கொண்டிருந்தான் போட்டோக்காரன். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். இந்த வருஷம் மட்டும் இப்படியொரு தலைவலி. தோளோடு தோள் உரசத்தான் நிற்கவைக்கிறான். பொத்தானை அமுக்கிவிட்டுக் கேமராத் திரையைப் பார்த்தால் நடுவில் ஓர் ஆள் அளவுக்கு ஓட்டை.

"சார், நெருங்கி நில்லுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? ஐஸ் மூணு வாங்கியிருக்கீங்க, இன்னொருத்தர் எங்க?"

அந்த ஆள் தன் கையைப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேர்தானே வந்தோம்?"

மூன்றாவது ஐஸ் உருகி மணிக்கட்டில் வழிந்தது. அவர் மனைவி முழங்காலருகே எதையோ தட்டிவிட்டுக்கொண்டே நடந்தாள். கொசுவாக இருக்கும்.

அடுத்து வந்து நின்றவள், அவன் படம் எடுத்து முடித்ததும் தன் முன்னால் இருந்த குழந்தை வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். "இதை எதுக்குத் தள்ளிட்டு வந்தேன்? எனக்கு மூளை கெட்டுப்போச்சு!" காலி வண்டி தானாக ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் போதும், கடையைக் கட்டிவிடலாம் என்று கேமராவை மூட மூடியைக் கையில் எடுத்தான்.

சட்டை நுனி இழுபட்டது. மனைவியோடு வந்திருந்த மகள். எதைக் கேட்டாலும் அவன் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டுதான் கேட்பாள்.

"அப்பா, ஊரையே எடுக்கறே, என்னை மட்டும் எடுக்க மாட்டேங்கறே!"

"வீட்ல எடுக்கறேன்டா. இங்க வேணாம்னா வேணாம்!"

"ஒரே ஒரு படம். அதுக்கு ஏங்க இப்படி எரிஞ்சு விழறீங்க?" என்றாள் மனைவி.

இவளை மட்டும் எடுக்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. பிள்ளை தரையில் காலை உதைத்து அழுதாள். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். வந்த எரிச்சலில் பயம் பின்னால் போய்விட்டது.

"சரி, நில்லு! ரெண்டு பேரும் நில்லுங்க!"

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள். அமுக்கினான்.

சே! மறுபடியும் ஓட்டை. மனைவி மட்டும் ஓரமாக நிற்கிறாள்.

"தனியா நிக்கறவ நடுவுல நிக்கக் கூடாதா? கையை ஏன் அப்படி வெச்சிருக்கே?"

"தெரியலங்க." அவள் முகம் வெளுத்திருந்தது. "இறக்க முடியல. யாரோ இழுக்கறாங்க."

கை இடுப்பளவில் நின்றது. விரல்கள் மூடியிருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

கை வெடுக்கென்று ஒருமுறை இழுபட்டது. ராட்டினத்தின் பக்கமாக. இன்னொரு இழுப்பு.

அவன் சட்டையை ஏதோ இழுத்தது.

"என்ன எழவுடா இது!" தட்டிவிட்டான்.

மறுபடியும். தட்டினான். மறுபடியும்.

குனிந்து பார்த்தான். சட்டை நுனி சின்னக் கைப்பிடி அளவுக்குக் கசங்கி, யாருமில்லாத காற்றில் விறைத்து நின்றது.